கம்பி கடிக்கும் குட்டி

சென்ற வாரத் தபாலில், உடப்புசல்லாவையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து கடிதமொன்று வந்தது. எழுதியவள் க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு மாணவி. கொப்பித் தாளிலே கோடு தவறாத எழுத்து. அவள் கூறும் விஷயத்தைச் சுருக்கித் தருகிறேன்.

நான்கு மாதம் நிறைந்த நாய்க்குட்டி ஒன்று அவர்கள் வீட்டில் வளர்கிறது. தம்பி எங்கிருந்தோ சட்டைக்குள் பொதிந்து கொண்டுவந்த குட்டி அது. கையடக்கத் தொலைபேசிக்குரிய சார்ஜர் வயரை அது கடித்துத் துண்டாக்கிவிட்டது. புதிது வாங்கினார்கள், பத்தாம் நாள் அதுவும் துண்டாயிற்று. ஆசிரியர்கள் அனுப்பும் பாடக் குறிப்புகளும் பழைய வினாத்தாள்களும் அந்தத் தொலைபேசியிலேதான் இருக்கின்றன. தந்தையார் சினங்கொண்டு, "அம்மா மழையிலே கொழுந்தெடுத்துப் போட்ட பேரை நாய்க்கா கொடுப்பது?" என்று கேட்டாராம். பொங்கலுக்கு முன்னர் குட்டியைச் சாக்கிலே போட்டு இராகலைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவதாகவும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தம்பி சரியாகச் சாப்பிடுவதில்லை. "அப்பா ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் வாசிப்பார். ஆகையால் இதற்கு ஒரு வழி எழுதுங்கள்" என்று கடிதத்தை முடித்திருக்கிறாள்.

கையெழுத்துக்குக் கீழே ஒரு பின்குறிப்பும் இருந்தது. "தொலைக்காட்சிப் பெட்டிக்குப் போகும் நீட்டு வயரிலும் பல் தடம் தெரிகிறது. ஆனால் அது இன்னும் வேலை செய்கிறது. எங்கள் தங்கச்சி இப்போதுதான் தவழ்கிறாள்."

இந்தப் பின்குறிப்பைப் படித்ததும் கடிதத்தின் மற்ற விஷயங்களெல்லாம் பின்னுக்குப் போய்விட்டன. ஆகையால், காரணங்களை விளக்குமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். அம்மா, பத்திரிகையைச் சற்றே கீழே வைத்துவிட்டு எழுந்து போ. சுவரிலுள்ள சுவிச்சை அணைத்துவிட்டு, அந்த நீட்டு வயரின் பிளக்கைக் கழற்றிவிடு. கழற்றிய வயரை இனி ஒருவரும் உபயோகிக்க வேண்டாம். வேலை செய்கிற வயர் நல்ல வயர் என்று நினைப்பது தவறு. பல் தடம் விழுந்த பிறகும் வேலை செய்யும் வயரே எல்லாவற்றிலும் அபாயமானது. கழற்றிவிட்டு வந்தபின் மேலே படிக்கலாம்.

சிறிய பிராணி, பெரிய சேதம்

நாய்க்குட்டி வயர் கடிப்பது ஒரு பெரிய விஷயமா என்று நேயர்களுள் சிலர் எண்ணக்கூடும். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றுபோனதை நாம் மறந்துவிடவில்லை. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியிற் பட்டதே காரணமென்று துறைக்குரிய அமைச்சர் அறிவித்தார். 2013ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜப்பானின் புக்குஷிமா அணுமின் நிலையத்திலே ஓர் எலி மின் பலகைக்குள் புகுந்ததனால், பழைய எரிபொருட் கோல்களைக் குளிரச் செய்யும் இயந்திரங்கள் ஒரு நாளுக்கும் மேலாக நின்றன. 1994இல் அமெரிக்காவில் ஓர் அணில் மின்கம்பியிற் பல் வைத்தது; பெரியதொரு பங்குச் சந்தையின் வியாபாரம் அரை மணி நேரம் முடங்கியது. 1980களிலே கனேரித் தீவுகளுக்கு அருகே கடலடியில் பரீட்சார்த்தமாக இட்ட தொலைபேசி வடத்தை வெளியே எடுத்தபோது, அதிற் சுறாவின் பற்கள் பதிந்திருக்கக் கண்டார்கள்.

ஆகவே, மனிதன் கம்பி இழுக்கத் தொடங்கிய நாள்முதல் பிராணிகளின் பல்லோடு அவனுக்கு வழக்கு உண்டு. அந்த வழக்கின் ஒரு சிறு பகுதிதான் உடப்புசல்லாவைக் காம்பராவிலும் நடக்கிறது. குற்றவாளி யாரென்று தீர்ப்புச் சொல்லுமுன், இருபக்க நியாயத்தையும் கேட்போம்.

பல் ஏன் அரிக்கிறது?

எல்லாப் பிராணியும் ஒரே காரணத்துக்காகக் கடிப்பதில்லை. எலி, அணில் ஆகியவற்றின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டேயிருக்கும். எலியின் முன்பல் தேயாமல் இருந்தால் ஆண்டொன்றுக்கு நான்கு அங்குலம் வரை நீண்டுவிடும். அதன் முன்பக்கம் கடினமான எனாமல். பின்பக்கம் அதனினும் மென்மையானது. பின்பக்கம் விரைவாகத் தேய்வதால் பல்லின் நுனி உளிபோலக் கூராகவே நிற்கிறது. அந்த எனாமல் செம்பைவிடக் கடினமானது. செப்புக் கம்பி அதற்கு ஒரு பொருட்டன்று. முயலுக்கோ எல்லாப் பற்களுமே வளர்வன. வாய்க்கு எட்டியதை அரித்துக்கொண்டிருப்பது இப்பிராணிகளின் குறும்பன்று, வாழும் வழி.

நாய்க்குட்டியின் கதை வேறு. நம் குழந்தைக்குப் பாற்பற்கள் 20, நாய்க்குட்டிக்கு 28. பிறந்த மூன்றாவது வாரமளவில் அவை ஊசிபோல முளைக்கத் தொடங்கும். நான்காம் மாதத்தில் அவை ஒவ்வொன்றாக விழ, நிரந்தரப் பற்கள் 42 வரத் தொடங்கும். ஏறக்குறைய ஏழாம் மாதத்தில் எல்லாம் வந்து முடியும். இந்த இடைக்காலத்திலே ஈறு தடித்து நமைச்சல் எடுக்கும். பல் முளைக்கும் குழந்தை கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் வைத்துக் கடிப்பதைத் தாய்மார் அறிவார்கள். நாய்க்குட்டிக்குக் கையில்லை, உலகத்தைத் தொட்டுப் பார்ப்பதும் அதன் வாயேயாகும். பூனைக்குட்டிக்கும் இதே பருவத்தில்தான் 26 பாற்பற்கள் போய் 30 நிரந்தரப் பற்கள் வருகின்றன. அதற்கு வேறொரு காரணமும் உண்டு. தொங்கி ஆடும் வயர் அதன் கண்ணுக்கு ஓடுகின்ற இரையின் வால்.

அப்படியானால் மரக்கட்டை கிடக்க வயரை ஏன் தேடிப் போகிறது? வயர் வளைந்து கொடுக்கும். நமைக்கும் ஈற்றுக்கு அது இதமானது. நாம் நாள்தோறும் தொடுவதால் நமது வியர்வையின் உப்பும் மணமும் அதிலே படிந்திருக்கும். மேலும், மார்கழிக் குளிரிலே காம்பராவுக்குள் சிறிதளவேனும் வெப்பம் தருவது வேலை செய்துகொண்டிருக்கும் சார்ஜர்தான். குட்டி அதன் அருகே போய்ச் சுருண்டு படுக்கும். விழித்ததும் மூக்கின் முன்னே கிடப்பதைக் கடிக்கும். இதில் வஞ்சகம் எங்கே இருக்கிறது?

இரண்டு வயர்கள்

இனி வயரின் பக்கத்தைப் பார்ப்போம். மாணவர்கள் இங்கே சற்றுக் கவனிக்க வேண்டும். தரமான சார்ஜரிலிருந்து தொலைபேசிக்குப் போகும் மெல்லிய வயரில் சாதாரணமாக 5 வோல்ற்று அழுத்தமே உண்டு. அதைக் கடித்தால் நட்டம் பணத்தோடு போகும். சுவரிலிருந்து தொலைக்காட்சிக்குப் போகும் நீட்டு வயரிலோ 230 வோல்ற்று இருக்கிறது. அதைக் கடித்தால் நட்டம் உயிரோடுதான் போகும். வீட்டில் எல்லோருடைய கோபமும் முதல் வயரின் மேலே இருக்கிறது. அச்சம் இருக்க வேண்டியதோ இரண்டாவது வயரின் மேலே.

மனித உடலில் ஏறக்குறைய 10 மில்லியம்பியர் மின்னோட்டம் பாய்ந்தாலே தசை இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமற் போகலாம். 30 மில்லியம்பியரைத் தாண்டினால் இதயத்துக்கே ஆபத்து. ஈரமான வாய்க்குள் மின்சாரம் எளிதாகப் புகும். குட்டியின் தாடை இறுகிவிட்டால் கடித்ததை விட அதனால் இயலாது.

"எங்கள் வீட்டிலே பியூஸ் இருக்கிறதே" என்பார்கள். 5 அம்பியர் பியூஸ் என்பது 5,000 மில்லியம்பியரைத் தாங்கும் பியூஸ். உயிரைப் பறிக்கும் 30 மில்லியம்பியரைப் போல அது நூற்று அறுபது மடங்குக்கும் மேல். பியூஸ் காப்பது வயரை, நம்மையன்று.

உயிரைக் காப்பதற்கென அமைந்தது ட்ரிப் சுவிச். அது செய்யும் வேலையைத் தோட்டத்து வழக்கில் இப்படிச் சொல்லலாம். மலையிலே நிறுத்த கொழுந்தும் தொழிற்சாலையிலே நிறுத்த கொழுந்தும் ஒத்திருக்கின்றனவா என்று கணக்கப்பிள்ளை பார்ப்பார் அல்லவா? அதுபோல, ஒரு கம்பியால் வீட்டுக்குள் சென்ற மின்சாரம் முழுவதும் மற்றக் கம்பியால் திரும்பி வருகிறதா என்று ட்ரிப் சுவிச் பார்த்துக்கொண்டேயிருக்கும். ஓர் உடலின் வழியாக நிலத்துக்கு 30 மில்லியம்பியர் கசிந்தால், கணக்குக் குறைகிறதென்று கண்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை வெட்டிவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே மின்சாரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மின்னியலாளரை அழையுங்கள்.

ஆனால் இந்தக் கணக்கப்பிள்ளையையும் ஏமாற்ற ஒரு வழி உண்டு. குட்டி இரண்டு கம்பிகளையும் ஒரே கடியில் கவ்விவிட்டால், ஒன்றால் வந்தது அதன் வாயைக் கடந்து மற்றொன்றால் திரும்பிவிடும். போனதும் வந்ததும் சரியாக இருக்கும். ட்ரிப் சுவிச் வாய் திறவாது. ஆகையால் அது இருக்கும் வீட்டிலும் வயரைக் குட்டிக்கு எட்டாமல் வைப்பதே உண்மையான காவல்.

வயர் ஏன் தரையிலே கிடக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். மலையகத்து நீர் 1950ஆம் ஆண்டில் லக்ஷபானவில் மின்சாரமாகத் தொடங்கியது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர பல்லாண்டுகள் வாதாடிய திட்டம் அது. ஆயினும், மலையிலிருந்து இறங்கி நாட்டுக்கெல்லாம் ஒளி தந்த அந்த மின்சாரம் லயங்களுக்குள் வந்துசேர நெடுங்காலம் சென்றது. லயத்தைக் கட்டியவர்கள் மின்சாரத்தை நினைத்துக் கட்டவில்லை. பின்னர் வந்த ஒரு பிளக்கிலிருந்தே தொலைக்காட்சி, சார்ஜர், மின்கேத்தல் எல்லாம் வாழ வேண்டியிருக்கிறது. ஆதலால் நீட்டு வயர் ஈரத் தரையோடு ஓடுகிறது. ஒரு லயத்தில் தீ மூண்டால் அது ஒரு காம்பராவோடு நிற்பதில்லை. கூரை வழியே அடுத்த வீடுகளுக்கும் பாய்ந்துவிடும். மின்னொழுக்கே காரணமெனச் சந்தேகிக்கப்படும் லயத் தீ விபத்துகளைப் பத்திரிகைகளில் நாம் படிக்கிறோம். ஆகவே ஒரு வீட்டுக் குட்டி கடித்த வயர் வரிசை முழுவதற்கும் உரிய கவலையாகும்.

கவ்விவிட்டால் என்ன செய்வது?

குட்டி வயரைக் கவ்வியபடி துடிப்பதைக் கண்டால், ஓடிப்போய் அதைத் தூக்கவே மனம் ஏவும். அப்படிச் செய்தால் தூக்கியவரும் அதே மின்சாரத்துக்கு ஆளாவார். முதலில் கை போக வேண்டிய இடம் சுவிச். அது எட்டாவிட்டால் பிரதான சுவிச். அதற்கும் வழியில்லையேல், காய்ந்த நிலத்தில் செருப்போடு நின்று, உலர்ந்த மரத் தடியால் வயரைத் தள்ள வேண்டும். இதனை வீட்டிலுள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். மனிதருக்கு அதிர்ச்சி ஏற்பட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய இலவச அம்புலன்ஸ் வரும்.

குட்டி எழுந்து நடமாடுகிறதென்று நிம்மதி அடைந்துவிடவும் கூடாது. மின்சாரம் பட்ட பிராணிக்குச் சில மணி நேரம் கழித்து, சில வேளை மறுநாள்கூட, நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறலாம். வாயினுள் தீப்புண் இருக்கலாம். வயர்த் துண்டை விழுங்கியிருந்தால் குடல் அடைபடும். அன்றே அரசாங்க மிருக வைத்தியரிடம் காட்டிவிடுவது நல்லது.

எட்டாமல், மூடி, மாற்றாக

தடுக்கும் வழிகளைச் செலவு குறைந்ததிலிருந்து சொல்கிறேன்.

முதலாவது, எட்டாமல் வைத்தல். தொலைபேசிக்கு மின்னேற்றி முடிந்ததும் சார்ஜரைக் கழற்றிச் சுருட்டி ஆணியில் மாட்டுவதற்கு ஒரு சதமும் செலவில்லை. மின்னேற்றும் நேரத்தில் தொலைபேசி உயரமான தட்டிலே இருக்கட்டும். வயர் கீழே தொங்க வேண்டாம். தொலைக்காட்சிக்குப் புதிய நீட்டு வயர் வாங்கியதும், அதைத் தரையில் விடாமல், சுவரோரமாக மூன்றடி உயரத்தில் பிளாஸ்டிக் பிடிகளால் பொருத்துங்கள். பாய்க்கு அடியில் வயரை ஒளிப்பது ஆகாது. அங்கே வெப்பம் வெளியேறாமல் வயர் சூடேறும். பூனைக்கும் எலிக்கும் உயரம் ஒரு தடையன்று. அவை உலாவும் இடத்தில், மின்னியலாளரைக் கொண்டு வயரைக் கட்டியான பிளாஸ்டிக் குழாய்க்குள் செலுத்துவதே சிறப்பு.

இரண்டாவது, மூடிவைத்தல். மரக்கறித் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சிப் பழசாகிப்போன ஹோஸ் துண்டு பல வீடுகளிலே கிடக்கும். அதைக் கழுவிக் காயவைத்து, நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் கத்தியால் பிளந்து, பிளவின் வழியே வயரை உள்ளே பதியுங்கள். பிளவு சுவர்ப் பக்கம் இருக்கட்டும். சாணுக்கொரு கட்டுப் போடுங்கள். இது கோட்டைச் சுவரன்று. குட்டியின் பல்லைத் தாமதப்படுத்தும் வேலி. ஆகையால் வாரம் ஒருமுறை, பிளக்கைக் கழற்றிவிட்டு, வயரைக் கையால் உருவிப் பாருங்கள். ஏற்கெனவே கடிபட்ட 230 வோல்ற்று வயரை டேப் சுற்றி மீண்டும் உபயோகிக்க வேண்டாம். டேப் தடத்தை மறைக்குமேயன்றி அபாயத்தை மறைக்காது.

மூன்றாவது, மாற்றுப் பொருள் தருதல். இதுவே மற்ற இரண்டையும்விட முக்கியமானது. நமைக்கும் பல்லைக் கடிக்காதே என்று யாரும் தடுக்க முடியாது. இதைக் கடி என்று காட்டலாம். நுவரெலியாப் பக்கத்தில் இதற்காக எங்கும் அலைய வேண்டியதில்லை. பருத்த கரட் ஒன்றைக் கழுவி, இரவிலே வெளியே குளிரவைத்து, காலையில் முழுதாகக் கொடுங்கள். குளிர் ஈற்றின் நமைச்சலைத் தணிக்கும். பழந்துணியை முறுக்கி இறுக முடிச்சிட்டு, நனைத்துக் குளிரவைத்துக் கொடுக்கலாம். கடிக்கும்போது பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். துண்டு துண்டாகப் பிய்ந்தால் வாங்கிவிட வேண்டும். வெந்த எலும்பைக் கொடுக்காதீர்கள். அது சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். பழைய செருப்பையும் கொடுக்காதீர்கள். பழைய செருப்புக்கும் பாடசாலைச் சப்பாத்துக்கும் உள்ள பேதம் குட்டிக்குத் தெரியாது. முயல் வளர்ப்பவர்கள் புல்லோடு கொய்யாக் குச்சிகளும் இட்டுவைக்கலாம். மருந்தடித்த தேயிலை வாதுகள் வேண்டாம்.

கசப்புப் பூசலாமா என்று பலர் கேட்பதுண்டு. நம் மலைகள் கசப்புக்குப் பெயர்பெற்றவை. தேயிலை ஓங்குமுன் இங்கே சிங்கோனா மரம் பயிராயிற்று; கொயினா மருந்து தரும் அம்மரத்துக்காகவே 1861இல் ஹக்கல தாவரவியல் பூங்கா தொடங்கப்பட்டது. 1958இல் ஸ்கொட்லாந்தில், உலகில் அறியப்பட்ட கசப்புகளில் மிகக் கொடிய கசப்புள்ள டெனற்றோனியம் என்னும் பொருளைக் கண்டார்கள். பிராணிகளுக்கான கசப்பு மருந்துகள் நகரக் கடைகளில் கிடைக்கின்றன. சில குட்டிகள் அவற்றுக்கு அஞ்சும், சில அஞ்சமாட்டா. மிளகாய்த் தூளும் மண்ணெண்ணெயும் பூசுவது மட்டும் வேண்டாம். அவை கண்ணையும் குடலையும் கெடுக்கும். அதே வயரைத் தவழும் குழந்தையும் தொடும். எதைப் பூசினாலும் பிளக்கைக் கழற்றிப் பூசி, நன்றாக உலர்ந்த பின்னரே மாட்ட வேண்டும்.

அடிப்பதனாலும் பயனில்லை. காலையில் கடித்ததற்கு மாலையில் அடித்தால், எதற்காக அடி விழுந்ததென்று குட்டிக்குப் புரியாது. அடித்தவரிடம் அச்சம் மாத்திரமே மிஞ்சும். வயரோடு கண்டால் அதட்டிப் பறிக்காமல், கரட்டை நீட்டி வயரை விடச் செய்து, விட்டதும் தட்டிக்கொடுங்கள். சில நாட்களில் எது தன்னுடையது, எது தன்னுடையதன்று என்று அது கற்றுக்கொள்ளும். இந்த வேலையைத் தம்பியிடம் ஒப்படைக்கலாம். குட்டியைக் கொண்டுவந்தவனுக்கு அந்தப் பொறுப்பும் உண்டு.

தந்தையாருக்கு ஒரு வார்த்தை

ஐயா, தங்கள் கோபத்தில் நியாயம் இல்லையென்று நான் சொல்லமாட்டேன். அட்டைக் கடியிலும் குளிரிலும் உழைத்து வாங்கிய பொருள் ஓர் இரவில் நாசமாவதைக் காணும் வேதனை, உழைத்தவர்களுக்கே தெரியும். ஆனால் நான்கு மாதக் குட்டியை அந்நிய இடத்தில் விட்டுவந்தால் அது பிழைக்காது. பாதையிலே வாகனம், தேயிலை மலைகளை அடுத்த காட்டிலே சிறுத்தை. லயப் பக்கம் வந்தே நாயைக் கவ்விச் செல்லும் சிறுத்தைக்கு, தாயற்ற குட்டி எம்மாத்திரம் என்பதைத் தாங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

குட்டி போய்விட்டாலும் வயர் அதே தரையிலேதான் கிடக்கும். நாளைக்கு அதனருகே எலி வரும். தங்கள் கடைசி மகளும் தவழ்ந்து வருவாள். குட்டி கடித்துக் காட்டியிராவிட்டால், அந்த வயர் கிடக்கும் இடம் அபாயமானதென்று ஒருவருக்கும் தோன்றியிராது. அந்த வகையில் அது இரண்டு சார்ஜர் வயர்களின் விலைக்கு ஈடான ஓர் எச்சரிக்கையைத் தந்திருக்கிறது.

ஆகவே, ஒரு தவணை கொடுங்கள். பங்குனி முடிவதற்குள் அதற்குப் பற்கள் எல்லாம் முளைத்து முடிந்துவிடும், நமைச்சலும் போய்விடும். அதன் பிறகும் பொழுதுபோகாமல் சில நாய்கள் கடிப்பதுண்டு என்பதை மறைக்கமாட்டேன். ஆனால் கடிக்க வேண்டியது எதுவென்று அதற்குள் அது பழகியிருக்கும். இந்தத் தவணைக்கு வேண்டியவை ஓர் ஆணி, பழைய ஹோஸ் துண்டு, நாளொரு கரட், புதிய நீட்டு வயர் ஒன்று ஆகியவையே. புதிய வயருக்குப் பணம் செலவாகும் என்பது உண்மை. குட்டி இருந்தாலும் போனாலும் அந்தச் செலவைச் செய்யத்தான் வேண்டும்.

பரீட்சை எழுதப்போகும் மகளுக்கு என் ஆசிகள். பொங்கல் கழித்து ஒரு கடிதம் எழுது அம்மா. குட்டி என்ன செய்கிறதென்றும், தம்பி சாப்பிடுகிறானா என்றும் அறிய ஆவலாயிருக்கிறேன்.